வீடு தேடிப் போய் அழைத்த வாக்கெடுப்பு

எங்கள் தொழிற்சாலையில் என் வேலை கசிவு தேடுவது. மலேசியாவில் ஈப்போவுக்கும் லகாட்டுக்கும் இடையில், முன்பு ரப்பர் மரங்கள் நின்ற மேட்டில், மருத்துவக் கையுறை செய்யும் கம்பெனி அது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்துக் குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பேன். சொட்டினால் குறித்துக்கொள்வேன். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சொட்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் கழித்துவிடுவோம். எல்லாக் கையுறைகளையும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த சிலவற்றைப் பார்த்தால் மீதியைப் பற்றி நம்பிக்கையோடு சொல்லிவிடலாம் என்று பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தேன். அந்தப் பழக்கம் மனிதர்கள் விஷயத்தில் என்னை ஏமாற்றியது. ஏமாந்த பிறகு நான் பார்த்தவற்றை இப்போது நினைத்தாலும் நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

என்னைத் தொழிற்சங்க வேலைக்குள் இழுத்தவர் பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஓர் அக்கா. ஒருநாள் இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்து மலாயில் அச்சிட்ட ஒரு கட்டுப் பாரங்களை, அதாவது படிவங்களை, என் மேசையில் வைத்தார். தொழிலாளர் பெயர், அடையாள அட்டை எண், வேலைப் பிரிவு என்று கட்டங்கள் இருந்தன. "நீ படிச்ச பிள்ள. இதக் கொஞ்சம் ஒழுங்கா அடுக்கிக் கொடு லா," என்றார். எதற்கு என்று கேட்டேன். என்னைப் பேக்கிங் பகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கியது. கழிப்பறைக்குப் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவர் போகலாம். பதினான்கு பேருக்கு ஓர் அட்டை. அன்று ஐந்தாவது வரிசையில் ஆணி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடியே கையுறைகளை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தில் எங்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. மூன்று வருடம் அதே கூரையின் கீழ் வேலை செய்திருந்தும் அந்த அட்டையை நான் பார்த்ததில்லை. மறுநாளே பாரங்களை எடுத்துக்கொண்டேன்.

சங்கத்தில் பலர் சேர்ந்தார்கள். கம்பெனி சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. அப்படி மறுத்தால் தொழிலுறவுத் துறை அதிகாரிகள் வந்து இரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். இந்தச் சங்கம் உங்கள் சார்பில் கம்பெனியோடு பேசலாமா, கூடாதா என்று ஒரே கேள்வி. ஆம் என்பது அதிகமாக விழுந்தால் கம்பெனி உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். தோற்றால் அத்தனையும் போச்சு, உடனே மறுபடி கேட்கவும் முடியாது.

அக்காவுக்கு இது இரண்டாவது முறை. எட்டு வருடங்களுக்கு முன்பு, நான் அங்கே வருவதற்கு முன்பு, இதே வாக்கெடுப்பு ஒருமுறை நடந்து தோற்றிருந்தது. யாரும் எதிர்த்துப் பெரிதாகப் பேசவில்லை. வாக்கெடுப்பு நாளன்று ஓய்வில் இருந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு மேற்பார்வையாளர்கள் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் "செயலாளர்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்களாம். அந்தப் பெயர் தேய்ந்து மறைய இரண்டு வருடம் ஆனதாம்.

"இன்னொரு தடவ தோத்தா நான் இங்க வேல செய்ய மாட்டேன்," என்று பாரங்களை அடுக்கும்போது சொன்னார். கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. "மூணாவது தடவ கேக்க எனக்கு முகம் இல்ல."

துறையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, தொழிற்சாலைக் கேண்டினில் வாக்கெடுப்பு. எங்களுக்கு மூன்று குழுக்கள். ஒன்று பகலில், ஒன்று இரவில், ஒன்று ஓய்வில் என்று மாறி மாறி வரும். அந்தப் புதன்கிழமை ஓய்வில் இருக்கப்போவது மூன்றாவது குழு. பழைய ரப்பர் தோட்டக் குடும்பங்கள் அதிகம் உள்ள குழு அது. தோட்டத்தை விற்றபோது கட்டிக்கொடுத்த சிம்பாங் பூலாய்ப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில்தான் அவர்களில் பெரும்பாலோர் இருந்தார்கள். கடிதம் வந்த நான்காம் நாள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒரு வண்ணத் தாள் ஒட்டப்பட்டது. ஓய்வில் இருக்கும் குழுவுக்கு அதே புதன்கிழமை குடும்ப தினம். பஸ்ஸில் லுமுட் கடற்கரைக்கு அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, மாலையில் கொண்டுவந்து விடுவார்களாம்.

நான் பதறவில்லை. என்னிடம் திட்டம் இருந்தது. வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கி எல்லாரையும் சேர்த்தேன். மலாய், தமிழ், நேப்பாளி, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் ஓர் அழகான அழைப்பு செய்தேன். தேதி, நேரம், இடம், கொண்டுவர வேண்டிய ஆவணம், வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்பதன் படம் எல்லாம் அதில் இருந்தன. அனுப்பிய ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. கட்டைவிரல் காட்டியவர்களை ஒரு நிரலிலும், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களை இன்னொரு நிரலிலும், பார்க்காதவர்களை மூன்றாவதிலும் போட்டேன். முதல் நிரல் நீளமாக இருந்தது. அக்காவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு பாய் கடையின் மாடியில் விளக்கக் கூட்டம் வைத்தோம். அதற்கும் வாட்ஸாப்பில்தான் அழைப்பு. கட்டைவிரல்களை எண்ணி எண்பது நாற்காலி கேட்டிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அதில் மூவர் சங்கப் பொறுப்பாளர்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தேத்தண்ணீர் கொண்டுவந்த கடைக்கார பாய் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "ஏன்மா, சங்கம் ஆளுங்களுக்கா, நாற்காலிக்கா?" என்றார். பதினொரு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

கீழே இறங்கி வரும்போது அக்காவிடம் பொறியாளர் மாதிரி காரணங்களை அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை, மழை மேகம், இடம் தொலைவு, பயம். அவர் எதையும் மறுக்கவில்லை. படி முடிந்ததும் நின்றார்.

"உன்ன யாராச்சும் வாட்ஸாப்ல கல்யாணத்துக்குக் கூப்பிட்டா போவியா?"

"போக மாட்டேன்," என்றேன். யோசிக்காமலே சொன்னேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்த வேகம் எனக்கே வியப்பாக இருந்தது.

எங்கள் ஆட்களிடம் அது எழுதாத சட்டம். பத்திரிகையை அச்சடித்தால் போதாது, வீட்டுக்கு வந்து கொடுக்க வேண்டும். ஒருவர் வந்தால் போதாது, கணவனும் மனைவியுமாக வர வேண்டும். குங்குமம் சந்தனம் வைத்த தட்டை நீட்டி, "கண்டிப்பா வந்திரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், "என்ன எங்க கூப்பிட்டாங்க?" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பிடிக்காமல் இல்லை, கூப்பிடாத இடத்துக்குப் போவது கேவலம் என்பதால். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த அழைப்பை அனுப்பியிருந்தேன், ஏனென்றால் இது சங்கம், அது கல்யாணம் என்று என் தலைக்குள் இரண்டு தனித்தனிக் கோப்புகள் இருந்தன. எட்டு வருடம் முன்பு அக்காவும் இதே தவறைத்தான் செய்திருந்தார். அப்போது அது துண்டுப் பிரசுரம்.

மறுநாளே அவர் வீட்டுத் தாம்பாளத்தை எடுத்துத் துலக்கினார். குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, வெற்றிலை, கற்கண்டு எல்லாம் தட்டில் ஏறின. நான் வெற்றிலையையும் கற்கண்டையும் எடுத்து வெளியே வைத்தேன். வாக்காளருக்கு எதையாவது கொடுத்தோம் என்று கம்பெனி புகார் செய்துவிடக் கூடாது. சாப்பிடக்கூடியது, எடுத்துப் போகக்கூடியது எதுவும் தட்டில் இருக்கக் கூடாது என்றேன். அக்காவின் கணவர் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து தட்டைப் பார்த்தார்.

"கற்கண்டு எங்க?"

"சட்டம் அண்ணே," என்றேன்.

"கிராணிம்மா வந்துட்டாங்க," என்றார் மனைவியிடம். தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்குப் பழைய பெயர் கிராணி. நான் பட்டியல் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். சங்கத்தில் அவருக்கு ஒரு துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா தட்டைத் தூக்கியதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "எனக்குச் சங்கம் கிங்கம் தெரியாது. அழைக்கப் போறதுன்னா ரெண்டு பேராப் போவணும். இல்லாட்டி போவாத."

இரண்டு வாரம் போனோம். வேலைக்குப் போகாத நேரங்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் விழித்திருக்கும் பொழுதில். இரவு வேலை பார்ப்பவர்களின் வீட்டுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பகல் வேலைக்காரர்களுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில். யார் எப்போது தூங்குவார் என்ற பட்டியல் அக்காவின் தலையில் இருந்தது. என் கையில் பெயர்கள் இருந்தன. கதவு திறந்ததும் அண்ணன் பன்னீர் தெளிப்பார். அக்கா தட்டை நீட்டி, "பொதங்கெழம நம்ம ஓட்டு. எட்டு மணிலேர்ந்து. நீங்க கண்டிப்பா வரணும்," என்பார். ஆம் போடு என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. ஏன் என்று நான் வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன். அழைக்கிறவர்கள் என்ன மொய் வைக்க வேண்டும் என்று சொல்வதில்லை என்றார்.

தட்டைக் கண்டதும் மனிதர்கள் மாறியதை நான் பார்த்தேன். சன்னல் வழியாக எட்டிப் பார்த்து இல்லை என்று சொல்ல வந்தவர்கள் தட்டைக் கண்டதும் உள்ளே போய்ச் சட்டையோ துண்டோ போட்டுக்கொண்டு வந்தார்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நிறுத்தி, இருவரும் சேர்ந்து நின்று குங்குமம் எடுத்துக்கொண்டு, நாங்கள் படியிறங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். மலாய்க்காரர் வீடுகளுக்குத் தட்டில்லாமல் போனோம். எங்கள் சங்கத்தில் இருந்த ஒரு மலாய்ப் பெண்ணும் அவள் கணவனும் முன்னால் நடந்தார்கள். கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து கூப்பிடுவதுதான் அங்கும் மரியாதை என்பதால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லகாட்டில் கம்பெனி விடுதியில் இருந்த நேப்பாளிகளிடம் எப்படிப் போவது என்றுதான் நான் கவலைப்பட்டேன். அவர்களுக்கு இங்கே வீடில்லை, மனைவி மக்கள் இல்லை. ஓர் அறையில் எட்டுக் கட்டில்கள். நாங்கள் விடுதி வாசலில் நின்றபோது அவர்களில் மூத்தவர் வந்து தட்டைப் பார்த்தார். அக்கா உடைந்த மலாயில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அக்காவின் முன் தலையைக் குனிந்தார். அக்கா ஒரு நொடி தயங்கினார். பிறகு விரலால் குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்தார். உள்ளேயிருந்து மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். குளித்துக்கொண்டிருந்தவன் ஈரத் தலையோடு வந்தான்.  வரிசை முடிய அரை மணி நேரம் ஆனது. லாரியில் திரும்பும்போது அண்ணன் கண்ணாடியில் விடுதியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, "இவனுங்கள யாருமே இப்படி வந்து கூப்பிட்டிருக்க மாட்டாங்க லா, இந்த ஊர்ல," என்றார்.

கடைசி நாள் வரை விட்டுவைத்தது ஒரு வீடு. அடுக்குமாடியில் இரண்டாம் பிளாக், மூன்றாம் மாடி. அண்ணனின் அக்கா, அதாவது எங்கள் அக்காவின் நாத்தனார் வீடு. அவரும் எங்கள் தொழிற்சாலையில்தான், மூன்றாவது குழுவில் இருந்தார். அந்த பிளாக் பெண்கள் எல்லாம் அவர் சொன்னால் கேட்பார்கள். கோயில் பூசைக்கு வண்டி பிடிப்பதிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது வரை அவரிடம்தான் கேட்பார்கள். என் பட்டியலில் அந்த பிளாக் முழுவதும் வெறுமையாக இருந்தது. ஒரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டைவிரல் வந்திருக்கவில்லை.

காரணம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கு அன்றுதான் சொன்னார்கள். நோய்க் காலத்தில், யாரும் எங்கும் போகக் கூடாது என்று அடைத்து வைத்திருந்த மாதங்களில், அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் அனுமதி. நாத்தனாருக்குப் பத்திரிகையைப் படம் பிடித்து போனில் அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணுக்குச் சொந்த அத்தை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே வாசல், நான்கு வருடம்.

நாத்தனார் கம்பிக் கதவுக்கு உள்ளேதான் நின்றார். பூட்டைத் திறக்கவில்லை. தம்பியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

அண்ணன் பன்னீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அக்காதான் பேசினார்.

"அண்ணி, பிள்ள கல்யாணத்துக்கு உங்களுக்கு போன்ல அனுப்புனது தப்பு. கேட்டுக்கு வெளிய நின்னாச்சும் கூப்பிட்டிருக்கணும்."

"ரோட்டுல போலீஸ் நின்னான்னு சொல்லுவியே."

"சொல்லல அண்ணி."

நாத்தனார் கம்பியைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது.

"இதச் சொல்ல வந்தியா, ஓட்டுக்கு வந்தியா?"

எனக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது. இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிடலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஓட்டுக்குத்தான் வந்தேன்," என்றார் அக்கா. "ஓட்டு இல்லாட்டி இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். அதான் எனக்கே அசிங்கமா இருக்கு."

அந்த நடைபாதையில் நின்றுகொண்டு நான் அவரைப் பார்த்தேன். எட்டு வருடமாகக் காத்திருந்த ஒன்று அந்தக் கம்பிக் கதவின் மறுபக்கம் இருந்தது. அதைப் பெறுவதற்காகக்கூட ஒரு சின்னப் பொய்யை அவரால் சொல்ல முடியவில்லை, அல்லது சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. 

நாத்தனார் பூட்டைத் திறந்தார். வெளியே வரவில்லை, குங்குமமும் எடுத்துக்கொள்ளவில்லை. கைகளை நீட்டித் தட்டை வாங்கினார். "வச்சிட்டுப் போங்க," என்று சொல்லி உள்ளே திரும்பினார். கதவு மூடியது.

படியிறங்கும்போது, மற்ற பிளாக்குகளில் இன்னும் ஒன்பது வீடு பாக்கி, தட்டு இல்லாமல் எப்படி என்று நான் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிடலாம் என்றார் அக்கா. அந்த ஒன்பது வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். நாத்தனாரை மீறி வேறு கதவைத் தட்ட முடியாத இரண்டாம் பிளாக்குக்கு நேராக என் பட்டியலில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து பஸ் ஏறும் இடத்தில், இரண்டாம் பிளாக்கில் இருக்கும் ஒரு பெண் பிளாஸ்டிக் பையில் சுற்றிய தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.  அக்கா பையைப் பிரித்தார். நாங்கள் கொடுத்தபோது குங்குமச் சிமிழ் விளிம்பு வரை இருந்தது, அன்று காலையில்தான் நிரப்பியிருந்தோம். இப்போது அடிவரை வழித்திருந்தது. சந்தனக் கிண்ணத்தில் விரல் தடங்கள் மட்டும் காய்ந்திருந்தன. ஒரு வீட்டில் அவ்வளவு செலவாகாது. நாத்தனார் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் பிளாக்கில் கதவு கதவாகப் போயிருக்கிறார்.

அக்கா சிமிழை மூடினார். தட்டைத் திரும்பப் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

புதன்கிழமை நான் சங்கத்தின் சார்பில் கேண்டினில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி பெயரைப் படிப்பார். கம்பெனியின் சார்பில் ஒருவரும் நானும் எங்களிடம் உள்ள பட்டியலில் கோடு போட வேண்டும். அதனால் அன்று வந்த ஒவ்வொருவரின் முகத்தையும் மிக அருகில் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதலில் வந்தவர்கள் இரவு வேலை முடித்தவர்கள். ஆறரை மணிக்கே வேலை முடிந்திருந்தது. எட்டு மணி வரை வெளியே சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. பகல் வேலைக்காரர்கள் பத்துப் பத்துப் பேராக மேற்பார்வையாளர் அனுப்ப வந்து போனார்கள். நேப்பாளிகள் வந்தார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் புதிதாக வைத்த குங்குமம். அவர்களுக்கு அன்று யார் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

தொழிற்சாலை வாசலில் குடும்ப தினத்துக்கு மூன்று பஸ்கள் பலூன் கட்டி நின்றன. ஒன்பதரை மணிக்கு ஒரு பஸ் மட்டும், அதுவும் பாதி காலியாக, லுமுட்டுக்குக் கிளம்பியது என்று யாரோ வந்து சொன்னார்கள். பத்து மணி வரை மூன்றாவது குழுவிலிருந்து மிகச் சிலர்தான் வந்திருந்தார்கள். அக்கா அன்று விடுப்பு எடுத்திருந்தார். வாக்களித்துவிட்டு வெளி வாசலில் சாலையைப் பார்த்தபடி நின்றார். என் இடத்திலிருந்து சன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது.

பத்தே காலுக்கு மேல் வேன்கள் வந்தன. கோயில் பூசைக்குப் பிடிக்கும் அதே வேன்கள். கதவு திறந்து பெண்கள் இறங்கினார்கள். பட்டுச் சேலை. தலையில் மல்லிகைச் சரம். சீருடையிலும் தலைமூடியிலும் மட்டுமே நான் பார்த்திருந்தவர்கள், அடையாளம் கண்டுபிடிக்கவே ஒரு கணம் ஆனது. ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையில் பின்னால் வந்தார்கள். மலாய்ப் பெண்கள் பெருநாளுக்கு உடுத்தும் பாஜு கூரோங்கில் வந்தார்கள். அழைப்பு வீட்டுக்கு வந்தது, அதனால் விசேஷத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். யாரும் அப்படிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேண்டினுக்குள் மல்லிகை வாசம் நிறைந்தது. அதிகாரியாக வந்திருந்த மலாய்ப் பெண்மணி பெயர் படிப்பதை நிறுத்தி, இன்று இங்கே வேறு ஏதாவது விழாவா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். 

நாத்தனார் தன் பிளாக் பெண்களை வரிசையில் முன்னால் விட்டுக் கடைசியாக வந்தார். கம்பெனிக்காரர் அவரிடம் சிரித்துக்கொண்டே, கடற்கரைக்குப் போகவில்லையா, பஸ் இன்னும் வாசலில்தான் நிற்கிறது என்றார்.

"பஸ் நிக்கிது. வீட்டுக்கு வந்து யாரு கூப்பிட்டா?" என்று கேட்டுவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனார்.

ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்து இரு பக்கமும் காட்டினார்கள். முப்பத்தாறு வாக்கு வித்தியாசத்தில் சங்கம் வென்றது. யாரும் கத்தவில்லை. அதிகாரி எண்களை இரண்டாம் முறை படித்தார். அக்கா கேண்டின் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். அண்ணன் பின்னால் வந்து நின்று, "ம்," என்றார். அவரிடமிருந்து அது நீண்ட பேச்சு.

அன்று மாலை அக்கா வீட்டில் உட்கார்ந்து என் பட்டியலையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டேன். பழக்கம் விடவில்லை. நான் உறுதி என்று குறித்திருந்ததைவிட ஆம் வாக்கு இருபதுக்கு மேல் குறைவாக இருந்தது. குங்குமம் எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லி, வந்து, வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். யாராக இருக்கும் என்று பெயர்களுக்கு எதிரே பென்சிலால் புள்ளி வைக்கத் தொடங்கினேன். அக்கா தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

சொன்னேன்.

"அந்தப் பேரு எனக்கு வேணாம்," என்றார். "தெரிஞ்சா நாளைக்கு அவங்க முகத்தப் பாத்து என்னால பேச முடியாது. இனிமே அவங்களுக்கும் சேத்துத்தான் பேசப் போறோம்."

அழிப்பானை எடுத்து வைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் புள்ளி போன பிறகுதான் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் தொழிற்சாலைக்குப் போனபோது அவர் ஏற்கனவே வருகை அட்டை அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். இரவு வேலை முடித்து வெளியே போகிறவர்கள் ஒரு பக்கம், பகல் வேலைக்கு உள்ளே வருகிறவர்கள் மறுபக்கம். ஒவ்வொருவராக நிறுத்தி ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "சங்கம் வந்திருச்சு. ஞாயித்துக்கெழம கூட்டம். உங்களுக்கு என்ன வேணும்னு வந்து சொல்லணும்." சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் தலையாட்டிவிட்டு விலகினார்கள். எட்டு வருடம் முன்பு அவரைச் செயலாளர் என்று கேலி செய்த மேற்பார்வையாளருக்குப் பின்னால், அவருடைய ஆட்கள் என்று எல்லாரும் அறிந்த நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களிடமும் அதே வாக்கியம், அதே குரல், ஒரு சொல்கூடக் குறையாமல். அவர்களில் ஒருவர் நின்று, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வேலை தொடங்கும் மணி அடிக்கும் வரை நான் ஆய்வகத்துக்குப் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.